தைரியமான பறவைதான் புத்திசாலிப் பறவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்களோடு நடக்கும்போதும், பள்ளிகளில் பேசப் போகும்போதும் திரும்பத் திரும்ப என்னிடம் வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் இருப்பவை எளிய கேள்விகள். போகப் போகக் கொஞ்சம் சிக்கலாகும். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைத் தொட்டுச் செல்வதால், வரிசையாகப் படித்தால் நல்லது.

பறவைக்குப் போய் குணமா? எல்லா மைனாவும் ஒரே மாதிரிதானே இருக்கு?

தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒரே இடத்தில் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் பன் துணுக்கு விழுந்ததும் ஒரு மைனா ஆட்களின் கால்களுக்கு நடுவே புகுந்து எடுத்துக்கொண்டு போகும். அதன் ஜோடி இரண்டடி முன்னால் வரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், பின்வாங்கும், மறுபடி வரும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவை இரண்டும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

ஒரு பறவை நாள் மாறினாலும் இடம் மாறினாலும் ஏறக்குறைய ஒரே விதமாக நடந்துகொண்டு, அதே இனத்தின் இன்னொரு பறவை அதிலிருந்து மாறுபட்டு நடந்தால், அந்த வேறுபாட்டைத்தான் குணம் என்கிறார்கள். மனிதக் குணங்கள் அத்தனையும் பறவைக்கு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. தைரியம், புதுப்பொருளைக் கண்டு மிரளுவது, புது இடத்தைச் சுற்றிப் பார்க்கும் வேகம், சண்டைக்குப் போகும் சுபாவம், கூட்டத்தோடு ஒட்டுவது போன்ற, அளக்க முடிந்தவற்றைத்தான் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அது சரி, தைரியத்தை எப்படி அளப்பீங்க?

இதில் வழிகாட்டியவை நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகள். எடுத்துக்கொண்ட பறவை ஐரோப்பியப் பெரிய பட்டாணிக்குருவி. நம் மலைப் பக்கங்களில் காணும் சாம்பல் நிறப் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய உறவு. காட்டில் பிடித்த குருவியை ஐந்து செயற்கை மரங்கள் நிற்கும் ஒரு வெற்று அறைக்குள் விடுவார்கள். முதல் இரண்டு நிமிடத்தில் அது எத்தனை முறை பறந்தது, தாவியது என்று எண்ணுவார்கள். சில குருவிகள் உள்ளே போனதுமே மரத்துக்கு மரம் துறுதுறுவெனத் தாவும். சில ஒரே கிளையில் உட்கார்ந்து நோட்டம் விடும்.

இன்னொரு சோதனையில், பழகிய கூண்டுக்குள் ஒரு பென் டார்ச் பேட்டரியையோ இளஞ்சிவப்பு ரப்பர் பொம்மையையோ வைத்து, குருவி எவ்வளவு சீக்கிரம் கிட்டே போகிறது என்று பார்த்தார்கள். அறையைச் சட்டெனச் சுற்றிய குருவிகளே பெரும்பாலும் பொம்மையிடமும் சட்டெனப் போயின. ஃபெர்பேக், டிரென்ட் முதலானோர் 1994-இல் வெளியிட்ட இந்த முடிவிலிருந்துதான் ‘வேகமான’ குருவி, ‘நிதானமான’ குருவி என்ற பிரிவு பிறந்தது. இனி நான் துறுதுறுப்பு, நிதானம் என்று சொன்னால் இந்தப் பொருளில்தான்.

குணம் பிறப்பிலேயே வருதா, வளர்ப்புல வருதா?

இரண்டும் உண்டு. துறுதுறுப்பான குருவிகளைத் தங்களுக்குள்ளும் நிதானமானவற்றைத் தங்களுக்குள்ளும் நான்கு தலைமுறை இனப்பெருக்கம் செய்ய விட்டபோது இரண்டு வரிசையும் தெளிவாகப் பிரிந்தன. வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபுவழி வருவது என்று கணக்கு வந்தது. ஆனால் ‘இதுதான் தைரியத்துக்கான மரபணு’ என்று ஒன்றைச் சுட்ட முடியாது. டி.ஆர்.டி.4 என்ற மரபணுவுக்கும் துறுதுறுப்புக்கும் ஒரு டச்சுக் கூட்டத்தில் தொடர்பு தெரிந்தது. வேறு கூட்டங்களில் தேடியபோது அது கிடைக்கவில்லை.

பறவைக்குப் புதிர் போடறதுன்னா என்ன? விடுகதையா கேட்க முடியும்?

தீனி கண்ணுக்குத் தெரியும், ஆனால் வழக்கமான முறையில் கொத்தி எடுக்க முடியாது. அதுதான் புதிர். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்தில் வைத்தம் காடு இருக்கிறது. அங்கே 1947 முதல் பட்டாணிக்குருவிகளைக் கூட்டுப்பெட்டி கூட்டுப்பெட்டியாக (பறவை கூடு கட்டுவதற்கென்று மாட்டிவைக்கும் பெட்டி) பின்தொடர்ந்து வருகிறார்கள். எல்லா கோல் (Ella Cole), ஜான் க்வின் என்ற ஆய்வாளர்களின் குழு அந்தக் குருவிகளுக்குக் கொடுத்த புதிர் இப்படி இருந்தது: ஒளி ஊடுருவும் குழாய்க்குள் சிறு மேடை, மேடைமேல் தீனி, மேடையைத் தாங்கிப் பக்கவாட்டில் செருகிய ஒரு குச்சி. குச்சியை உருவினால் மேடை சரிந்து தீனி கீழே விழும்.

குருவி முதலில் குழாயைத் தீனிக்கு நேராகக் கொத்தும். ஒன்றும் நடக்காது. சில அத்தோடு விட்டுவிடும். சில மேலே ஏறும், கீழே தொங்கும், விளிம்பைக் கொத்தும், குச்சியை அலகால் கவ்வி இழுக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இந்த இழுப்பு வரை வருகிறதா என்பதுதான் அளவுகோல்.

அப்போ துறுதுறுன்னு இருக்கிற குருவிதான் முதல்ல திறக்கும், இல்லையா?

கேட்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ‘ஆமாம்’ என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். வைத்தம் காட்டில் கிடைத்த பதில் வேறு. கோலும் க்வினும் குருவிகளைக் கூண்டில் இரண்டு விதமாகச் சோதித்தார்கள், துறுதுறுப்புக்கு ஒன்று, புதிருக்கு ஒன்று. பிறகு காட்டில் விட்டுவிட்டு, ஒரு சமயத்தில் சில குருவிகளே தின்ன முடிகிற தீனித்தட்டுகளில் யார் இடம் பிடிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: ஆண் குருவிகளில் துறுதுறுப்பானவை தட்டில் முண்டியடித்து இடம் பிடித்தன. புதிரை விடுவித்தவையோ அந்தப் போட்டியில் பின்தங்கியவை.

இந்த முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ‘நல்ல பறவை எல்லாவற்றிலும் நல்லது’ என்ற நம் எண்ணத்தை இது உடைக்கிறது. பிடுங்கித் தின்ன முடிகிறவனுக்குக் குச்சியை இழுத்துப் பார்க்கும் அவசியம் இல்லை. தட்டிலிருந்து விரட்டப்படுகிறவனுக்கு வேறு வழி தேடியாக வேண்டும். பலசாலியும் சாமர்த்தியசாலியும் ஒரே காட்டில் இரண்டு வழியில் பிழைக்கிறார்கள்.

குணத்துக்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்றீங்களா?

அப்படியும் இல்லை. புதிர்ப் பெட்டியிடம் வராத பறவை அதைத் திறக்கவே முடியாது. வருவதில் தைரியத்துக்கும் பசிக்கும் பெரிய பங்கு உண்டு. மைனாக்களை வைத்து ஆஸ்திரேலியாவில் டேனியல் சோல், ஆண்ட்ரியா கிரிஃபின் ஆகியோர் செய்த சோதனைகளில் பசியும் மிரட்சியும் முடிவை மாற்றின. வந்து சேர்ந்த பிறகோ கதை வேறு. விடாமல் முயல்வது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் வேறு வேறு விதமாக முயல்வது, இவை இரண்டும்தான் அங்கே பேசும்.

மைனாவின் அலகைக் கவனித்தால் இது புரியும். மூடிய அலகைப் புல்லுக்குள் குத்தி, உள்ளே போனபின் அலகை விரிக்கும். மண் பிளந்து புழு தெரியும். கொத்துவது, கவ்வுவது, இழுப்பது ஆகியவற்றோடு இந்த விரிக்கும் வித்தையும் அதன் கையிருப்பில் இருக்கிறது. இவற்றில் எத்தனையை ஒரு மைனா மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறதோ அந்த அளவுக்கு மூடி திறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

மைனா நம்ம ஊர்ப் பறவையாச்சே, ஆஸ்திரேலியாவுல எப்படி?

மனிதர்கள் கொண்டுபோய் விட்டதுதான். 1862-இல் மெல்போர்னில் பூச்சிகளைக் கட்டுப்படுத்த விட்டார்கள். இப்போது அந்நாட்டின் கிழக்குக் கரை நகரங்களில் நம் மைனா சர்வ சாதாரணம், தொல்லை என்றே கருதுகிறார்கள். புது நாட்டில் இவ்வளவு வேகமாகக் காலூன்றிய பறவை எப்படி யோசிக்கிறது என்ற கேள்வியோடுதான் அங்குள்ள ஆய்வுகள் தொடங்கின.

சீக்கிரம் திறக்கிற பறவைதான் எல்லாத்தையும் சீக்கிரம் கத்துக்குமா?

பாதி சரி. கிரிஃபின் குழு 2013-இல் வெளியிட்ட மைனா ஆய்வு இதை நேராகவே கேட்டது. புதிரைச் சீக்கிரம் விடுவித்த மைனாக்கள், இரண்டு அடையாளங்களில் எதன் பின்னால் தீனி இருக்கிறது என்பதையும் சீக்கிரம் கற்றன. பிறகு ஆய்வாளர்கள் தீனியை மற்ற அடையாளத்துக்கு மாற்றினார்கள். இப்போது அதே மைனாக்கள் தடுமாறின. பழையதை விட்டுப் புதியதைப் பிடிக்க அவற்றுக்குக் கூடுதல் நேரம் ஆனது.

கனடாவில் கருந்தொப்பி சிக்கடீ என்ற சிறு குருவியிடமும் இதே சாயல் தெரிந்தது. லாரன் கிலெட் முதலானோரின் சோதனைகளில், புது இடத்தை வேகமாகச் சுற்றியவை ஒலிகளை வேறுபடுத்தச் சீக்கிரம் கற்றன. விதியைத் தலைகீழாக்கியதும் நிதானமானவை முந்தின. விரைவாகக் கற்பவை சுற்றுப்புறத்தை மேலோட்டமாகத் தொட்டுச் செல்கின்றன, வழக்கம் சீக்கிரம் உறைந்துவிடுகிறது. நிதானமானவை மாற்றத்தைக் கவனிக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அதனால் ‘புத்திசாலிப் பறவை எது’ என்று கேட்கும்போது, நிலைமை மாறாமல் இருக்கும் இடத்திலா, மாறிக்கொண்டே இருக்கும் இடத்திலா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

காகம்தான் ரொம்ப புத்திசாலின்னு சொல்வாங்க. ஆனா புதுசா எதையாவது வச்சா கிட்டவே வராதே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். காக்கைக் குடும்பமே புதுப்பொருளைக் கண்டு மிரளும் குடும்பம். மொட்டைமாடியில் தினமும் சோறு வைக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கரையும், பக்கவாட்டில் தத்தி வரும், கடைசி அடியில் எகிறிப் பின்னால் போகும்.

மிரட்சிக்கும் திறமைக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் நல்ல ஒப்பீடு 2011-இல் வெளிவந்தது. நியூசிலாந்தின் கியா கிளிகளுக்கும் நியூ கலிடோனியக் காகங்களுக்கும் ஒரே பெட்டியைக் கொடுத்தார்கள். தீனியை எடுக்க நான்கு வழிகள்: நூலை இழுப்பது, உருண்டையை உருட்டிவிடுவது, குச்சியால் தள்ளுவது, சன்னலைத் திறப்பது. ஒரு வழியில் கைதேர்ந்ததும் அதை அடைத்துவிடுவார்கள். கியா கிளிகள் வந்ததும் பெட்டியைத் தொட்டு, தள்ளி, பிடுங்கிப் பார்த்தன. காகங்கள் தயங்கித் தயங்கி, பெரும்பாலும் கண்ணால் பார்த்தே அணுகின. கடைசியில் ஒரு கியாவும் ஒரு காகமும் நான்கு வழியையும் கண்டுபிடித்தன. அணுகும் விதம் இரு துருவமாக இருந்தும் முடிவு ஒன்றுதான்.

பானையில கல்லைப் போட்ட காக்கா கதை நிஜமா?

காட்டில் அப்படிச் செய்ததாக இல்லை. ஆனால் 2009-இல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி இருவரும் ரூக் என்ற ஐரோப்பியக் காக்கையினத்துக்குத் தண்ணீரில் மிதக்கும் புழு உள்ள குழாயையும் பக்கத்தில் கற்களையும் கொடுத்தார்கள். நான்கு ரூக்குகளும் கல்லைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்திப் புழுவை எடுத்தன. அவை மனிதர் கையில் வளர்ந்த பறவைகள். காட்டுப் பறவைக்கு இருக்கும் மிரட்சி அங்கே குறுக்கே நிற்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.

டவுன்ல இருக்கிற பறவைக்குப் புத்தி ஜாஸ்தியா?

பார்படோஸ் தீவில் ஒரு சிறு குருவியினம் நகரத்திலும் இருக்கிறது, கிராமப்புறத்திலும் இருக்கிறது. பார்படோஸ் புல்ஃபின்ச் என்பார்கள். ழான்-நிக்கோலா ஓடே, சிமோன் டுகாத்தே, லூயி லஃபேவ்ர் மூவரும் இரண்டு இடத்துப் பறவைகளையும் ஒப்பிட்டார்கள். 2016-இல் வெளியான முடிவில் நகரப் பறவைகள் புதிரை நன்றாக விடுவித்தன, மனிதர் முன்னே கூடுதல் தைரியமாகவும் இருந்தன. ஆனால் புதுப்பொருளைக் கண்டு நகரப் பறவைகளே அதிகம் மிரண்டன.

ஆட்களிடம் தைரியம் வேறு, அறியாத பொருளிடம் தைரியம் வேறு. மேலே காகத்தைப் பற்றிச் சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நகரத்தில் கண்ணாடித்துண்டு, நூல், எலி விஷம் எல்லாம் கிடக்கும். எல்லாவற்றிலும் வாய் வைக்கிற பறவை அங்கே நீடிக்காது என்று நான் நினைக்கிறேன்.

கூட்டமா இருந்தா நல்லா யோசிக்குமா, தனியா இருந்தாவா?

இனத்துக்கு இனம் மாறுகிறது. ஹங்கேரியில் ஆன்ட்ராஷ் லிகேர், வெரோனிகா போகோனி இருவரும் சிட்டுக்குருவிகளை இரண்டு இரண்டாகவும் ஆறு ஆறாகவும் சோதித்தார்கள். 2009-இல் வந்த முடிவு, ஆறு பேர் கூட்டம் மூடிகளைச் சீக்கிரம் திறந்தது என்பது. பலவித அனுபவமும் குணமும் உள்ள குருவிகள் ஒன்றாக இருந்தால் யாராவது ஒருவர் வழி காண்பார் என்பது அவர்கள் விளக்கம். மைனாக்களில் கிரிஃபின் பார்த்தபோது நேர்மாறாக, பக்கத்தில் துணை இருந்தால் புதிர் விடுவிப்பது குறைந்தது.

ஒண்ணு கண்டுபிடிச்சா மத்தது பார்த்துக் கத்துக்குமா?

கற்கும், அதுவும் வேகமாக. 1921-இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பக்கம் ஸ்வேதிலிங்கில் வாசலில் வைத்த பால் பாட்டிலின் மூடியைக் குருவிகள் கிழித்துப் பாலாடையைக் குடிப்பதைப் பார்த்துக் குறித்து வைத்தார்கள். சில பத்தாண்டுகளில் பிரிட்டன் முழுவதும் இந்தத் திருட்டு பரவியது.

இதைச் சோதனையாகச் செய்து காட்டியவர் லூசி ஆப்லின். அதுவும் வைத்தம் காட்டில்தான். இடப்புறமோ வலப்புறமோ தள்ளித் திறக்கக்கூடிய கதவுள்ள பெட்டி. காட்டின் ஐந்து பகுதிகளிலிருந்து இரண்டிரண்டு குருவிகளைப் பிடித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கத்தை மட்டும் பழக்கித் திரும்ப விட்டார்கள். சராசரியாக அந்தப் பகுதிக் குருவிகளில் 75 சதவீதம் திறக்கக் கற்றுக்கொண்டன. இரண்டு பக்கமும் ஒரே பலன் தந்தாலும் தங்கள் பகுதியின் வழக்கத்தையே பிடித்துக்கொண்டன. அடுத்த குளிர்காலத்திலும் அந்த வழக்கம் நின்றது. 2015-இல் வெளியான ஆய்வு இது.

குணம் இங்கே எங்கே வருகிறது என்றால், யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதில். துறுதுறுப்பான ஆண் குருவிகள் பல கூட்டங்களுக்குப் போய்வருகின்றன, பலரோடு மேலோட்டமான பழக்கம். நிதானமானவை சிலரோடு மட்டும் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு செய்தி காட்டில் எந்தத் தடத்தில் ஓடும் என்பது இந்த உறவுகளைப் பொறுத்தது. கண்டுபிடித்தது ஒரு நிதானக் குருவியாக இருந்தாலும், அதைப் பக்கத்து மேட்டுக்குக் கொண்டுபோவது ஒரு துறுதுறுப்புக் குருவியாக இருக்கலாம்.

புத்திசாலியா இருந்தா லாபம்தானே? அப்புறம் ஏன் எல்லாக் குருவியும் புத்திசாலியா ஆகலை?

லாபம் உண்டு. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் லோர் கோஷார் குழு, பட்டாணிக்குருவிகளின் கூட்டுப்பெட்டி வாசலிலேயே புதிர் வைத்தது. நூலை இழுத்துக் கதவைத் திறந்த பெற்றோரின் கூடுகளில் கூடுதல் குஞ்சுகள் பறக்கும் வயதை எட்டின. வைத்தத்திலும் புதிர் விடுவித்த பெண் குருவிகள் கூடுதல் முட்டையிட்டன, இரைக்காகக் குறைந்த பரப்பிலேயே சுற்றின.

ஆனால் அதே வைத்தத்தில், கூட்டில் வைத்துப் பிடித்து அளவெடுத்துவிட்டால், புதிர் விடுவித்தவைதான் கூட்டைக் கைவிட்டுப் போவது அதிகமாக இருந்தது. கூடுதலாக இட்ட முட்டைகளின் லாபம் அங்கே கரைந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கூட்டருகே போய்ப் படமெடுக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

துறுதுறுப்புக்கும் இதே கதைதான். நீல்ஸ் டிங்கமான்ஸ் முதலானோர் நெதர்லாந்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், எந்தக் குணம் உயிர்பிழைக்க உதவுகிறது என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் எதிரெதிராக இருந்தது. குளிர்காலத்தில் பீச் (beech) என்ற காட்டு மரத்தின் காய் விளைந்த ஆண்டுக்கும் விளையாத ஆண்டுக்கும் அது தலைகீழானது. இந்த ஆண்டு வென்ற குணம் அடுத்த ஆண்டு தோற்கும். அதனால் இரண்டும் கூட்டத்தில் தங்கிவிடுகின்றன.

புத்தியை அளக்கிறோம்னு சொல்லிக்கிட்டு இவங்க தைரியத்தைத்தானே அளக்கிறாங்க?

இந்தத் துறையின் மிகக் கூர்மையான கேள்வி இதுதான். ஒரு பறவை பெட்டியைத் திறக்கவில்லை என்றால் காரணம் பலவாக இருக்கலாம்: பயந்திருக்கலாம், பசிக்காமல் இருந்திருக்கலாம், முயன்று சலித்திருக்கலாம், வழி தெரியாமல் போயிருக்கலாம். எல்லாமே ‘திறக்கவில்லை’ என்ற ஒரே கட்டத்தில் விழுகின்றன. அதனால் நல்ல ஆய்வுகளில் கிட்டே வர ஆன நேரம், தொட்ட எண்ணிக்கை, தொட்டபின் திறக்க ஆன நேரம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் புதிர் எதுவும் இல்லாமல் சும்மா வைத்த தீனியை எவ்வளவு சீக்கிரம் தின்கிறது என்று பசியையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. வலையிலும் பொறியிலும் முதலில் சிக்குவது தைரியமான பறவைகள். பயந்தவை ஆய்வுக்கூடத்துக்கே வருவதில்லை. அதனால் ஒரு முடிவைப் படிக்கும்போது பறவைகளை எப்படிப் பிடித்தார்கள் என்ற பகுதியையும் நான் தேடிப் படிப்பேன். கூட்டுப்பெட்டிகளில் ஏறக்குறைய எல்லாப் பறவையையும் தெரிந்து வைத்திருக்கும் வைத்தம் போன்ற இடங்களை நான் அதிகம் நம்புவது இதனால்தான்.

வீட்டுல நானே செஞ்சு பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் பிடிக்க வேண்டாம், கூண்டில் போட வேண்டாம். மைனா, கிளி போன்ற நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வழக்கமாகத் தீனியும் தண்ணீரும் வைக்கும் இடமே போதும்.

முதலில் ஒரு வாரமாவது எதையும் மாற்றாமல் வைத்து, வருகிற பறவைகளைத் தனித்தனியாக அடையாளம் காணப் பழகுங்கள். இறகு உதிர்ந்த இடம், கால் ஊனம், அலகின் வடு என்று ஏதாவது இருக்கும். பிறகு தீனிக்கு ஒரு முழம் தள்ளிப் புதுப்பொருள் ஒன்றை வையுங்கள். எது முதலில் இறங்குகிறது, எவ்வளவு நேரம் கழித்து என்று குறியுங்கள். இது மிரட்சிக்கான அளவு. சில நாள் கழித்து, தீனியைக் காய்ந்த இலையாலோ தேங்காய்ச் சிரட்டையாலோ லேசாக மூடி வையுங்கள். இது புதிர். இரண்டு குறிப்பிலும் வரிசை ஒன்றாகவே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மூடாத தீனியும் பக்கத்தில் கொஞ்சம் இருக்கட்டும், பசியோடு எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். நூல், ரப்பர் பேண்டு, கூர்மையான தகரம் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள், காலில் சுற்றினால் அவிழ்க்க ஆள் இருக்காது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் கூட்டின் பக்கம் எதையும் வைக்காதீர்கள். காரணம் இரண்டு கேள்விகளுக்கு மேலே இருக்கிறது.